96 சதவீதம் சரி என்று காட்டிய டெங்குக் கணிப்பு மாதிரி (மொடல்) பிழை என்று தெரிந்துவிட்டது. ஏற்றுக்கொள்ளப்பட்ட கட்டுரையை என்ன செய்வது?

நிலா_வெள்ளவத்தை
செவ்வாய், இரவு 11.52

வணக்கம். கொஞ்சம் நீண்ட பதிவு, பொறுமையாக வாசியுங்கள். இரண்டு நாளாக நித்திரை இல்லை.

நான் கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் தற்காலிக உதவி விரிவுரையாளர். கூடவே எம்.ஃபில். செய்கிறேன். மழைவீழ்ச்சி, வெப்பநிலை, முந்தைய கிழமைகளின் நோயாளர் எண்ணிக்கை மூன்றையும் வைத்து, இன்னும் இரண்டு கிழமையில் கொழும்பு மாவட்டத்தில் டெங்கு உயருமா இல்லையா என்று மெஷின் லேர்னிங்கால் சொல்வதுதான் என் ஆய்வு.

இந்தத் தலைப்பை நான் தேடிப் போய் எடுக்கவில்லை. 2017இல் நாடு முழுவதும் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு என்று பதிவானபோது அதில் என் தம்பியும் ஒருவன். வார்டில் கட்டில் இல்லை, நடைபாதையில் பாய் விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். பிளேட்லெட் 18 ஆயிரத்துக்கு இறங்கிய இரவு, நாலு மணித்தியாலத்துக்கு ஒருதரம் தாதி வந்து தாளில் எழுதிய எண்களைப் பார்த்துக்கொண்டே நானும் அம்மாவும் விடிய விடிய இருந்தோம். இரண்டு கிழமைக்கு முன்பே யாராவது சொல்லியிருந்தால் எங்கள் ஒழுங்கையிலாவது தண்ணீர்த் தாங்கிகளை மூடியிருப்போமே என்று அன்றைக்கு நினைத்தேன். அந்த நினைப்புத்தான் என்னை இங்கே கொண்டுவந்தது.

தரவு தொற்றுநோயியல் பிரிவு வெளியிடும் கிழமை அறிக்கைகளில் இருந்து எடுத்தது. 2010 தொடக்கம் 2023 வரை. பிடிஎஃப் அட்டவணைகளை மென்பொருளால் உருவ முடியாத இடங்களில் கையால் தட்டச்சுச் செய்தேன். 2022இல் மின்வெட்டு அட்டவணையைப் பார்த்துப் பார்த்துத்தான் இந்த வேலை நடந்தது. எங்கள் பகுதிக்கு மின்சாரம் வரும் நேரத்துக்கு அலாரம் வைத்து எழும்புவேன். மழையும் வெப்பநிலையும் வளிமண்டலவியல் திணைக்களத்தின் கொழும்பு நிலையத் தரவு.

ரேண்டம் ஃபொரஸ்ட், எக்ஸ்ஜிபூஸ்ட் என்ற இரண்டு மெஷின் லேர்னிங் முறைகளையும் ஓட்டிப் பார்த்தேன். 96 சதவீதம் சரி என்று வந்தது. மேற்பார்வையாளருக்குப் பெரிய சந்தோஷம். உள்ளூர் மாநாடு ஒன்றுக்கு அனுப்பினோம், ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். இறுதிப் பிரதி கொடுக்க இன்னும் 11 நாள் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, வரைபடங்களைத் திருத்துவோம் என்று நிரலைத் திறந்தேன். நோயாளர் எண்ணிக்கையின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்ய 5 கிழமைச் சராசரி எடுத்திருந்தேன். அந்த வரியில் ‘சென்டர்’ என்பது ‘ட்ரூ’ என்று கிடந்தது. வரைபடம் அழகாக வருவதற்காக எப்போதோ போட்டது. அதன் அர்த்தம் என்ன தெரியுமா? 20ஆம் கிழமைக்குரிய சராசரியில் 18, 19, 20 மட்டும் இல்லை, 21உம் 22உம் சேர்ந்துவிடும். நான் கணிக்கச் சொல்வதே 22ஆம் கிழமையைத்தான். விடையைக் கேள்வித்தாளிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அதைத் திருத்தியபோது இன்னொன்றும் கண்ணில் பட்டது. மாதிரி கற்றுக்கொள்ளும் பயிற்சிக்கும், கற்றதைப் பரீட்சிக்கும் சோதனைக்கும் தரவைப் பிரித்தபோது காலவரிசையைப் பார்க்காமல் கலைத்துப் பிரித்திருக்கிறேன். மெஷின் லேர்னிங் மென்பொருள் நூலகமான சைகிட் லேர்னில் நாங்கள் எதுவும் சொல்லாவிட்டால் அது கலைத்துத்தான் பிரிக்கும். ஆக 2017 ஜூன் இரண்டாம் கிழமை பயிற்சியில், மூன்றாம் கிழமை சோதனையில், நான்காம் கிழமை மறுபடி பயிற்சியில். பக்கத்துக் கிழமைகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தானே இருக்கும்.

இரண்டையும் சரிசெய்து, 2010 முதல் 2021 வரை பயிற்சி, 2022உம் 2023உம் சோதனை என்று வைத்து ஓட்டினேன். 104 கிழமைகளில் 81 சரி, அதாவது 78 சதவீதம். அப்புறம் ஒரு பயத்தில், மாதிரி எதுவும் இல்லாமல் “இந்தக் கிழமை எப்படியோ, இரண்டு கிழமைக்குப் பிறகும் அப்படியே” என்று மட்டும் வைத்துக் கணக்குப் பார்த்தேன். 84 சரி, அதாவது 81 சதவீதம். இரண்டு வருட உழைப்பு அந்த ஒரு வரிக் கணக்குக்குக் கீழே நிற்கிறது.

மேற்பார்வையாளரிடம் நேற்றுச் சொன்னேன். நல்ல மனிதர், என் மேல் அக்கறை உள்ளவர். “எல்லோரும் இப்படித்தான் பிரிக்கிறார்கள், மாநாடு முடியட்டும், ஆய்வேட்டில் திருத்திக்கொள்ளலாம்” என்றார்.

அதைவிட என்னை அரிப்பது வேறு. ஒரு சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் எங்களுக்குத் தங்கள் பகுதியின் கிழமை எண்ணிக்கையைத் தந்து உதவியது. நன்றிக்காக அவர்கள் பகுதிக்கும் அதே நிரலை ஓட்டி, சிவப்புப் பட்டை போட்ட வரைபடம் ஒன்றை ஏ3 தாளில் அச்சிட்டுக் கொடுத்தேன். அந்த டொக்டர் அதைத் தன் மேசைக்குப் பின்னால் சுவரில் குத்தி வைத்திருக்கிறார். அதில் கீழே கொட்டை எழுத்தில் 96 என்று இருக்கிறது.

கட்டுரையை மீளப் பெறுவதா? இப்படி ஒரு முடிவை வைத்து எம்.ஃபில். எழுத முடியுமா? அந்த டொக்டரிடம் எப்படிப் போய்ச் சொல்வது?

—

கணக்கன்
புதன், காலை 6.40

முதலில் நித்திரை கொள்ளுங்கள்.

‘சென்டர்’ பிழை நானும் விட்டிருக்கிறேன். இன்னும் மூன்று இடங்களைப் பாருங்கள். எண்களை ஒரே அளவுக்குக் கொண்டுவரும் ஸ்கேலரை முழுத் தரவிலும் பொருத்தினீர்களா, பயிற்சித் தரவில் மட்டுமா? விடுபட்ட கிழமைகளை முன்னும் பின்னும் பார்த்து நிரப்பினீர்களா? வகுப்புகள் சமமில்லை என்று ஸ்மோட் (குறைவாக உள்ள வகுப்புக்குச் செயற்கைப் பதிவுகள் சேர்ப்பது) போட்டிருந்தால், பிரிப்பதற்கு முன்பா பின்பா? எல்லாவற்றையும் ஒரு பைப்லைனுக்குள் வைத்து காலவரிசைப்படி பிரிக்கும் டைம்சீரிஸ்ஸ்ப்ளிட்டால் ஓட்டுங்கள். இரண்டு கிழமை இடைவெளி விட அதிலேயே ‘கேப்’ என்று ஒன்று இருக்கிறது.

—

மழைத்துளி
புதன், காலை 9.15

அக்கா, நான் சொல்வது பிடிக்காமல் போகலாம். கட்டுரையை மீளப் பெற வேண்டாம். தற்காலிக நியமனம் என்கிறீர்கள். அடுத்த நேர்முகத் தேர்வில் வெளியீடு எத்தனை என்றுதான் கேட்பார்கள். மேற்பார்வையாளரோடு முகம் முறித்துக்கொண்டு இங்கே பட்டம் முடித்தவர்களை நான் அதிகம் கண்டதில்லை. ஆய்வேட்டில் திருத்துங்கள், போதும். உங்களில் உள்ள அக்கறையில்தான் சொல்கிறேன்.

—

எண்சுவடி
புதன், இரவு 10.05

தங்கச்சி, நான் புள்ளிவிபரவியல் படித்து, இப்போது தரவுப் பகுப்பாய்வு கற்பிக்கிறவன். உங்கள் பதிவை மத்தியானம் வாசித்தேன், பின்னேரம் வகுப்பு முடிந்ததும் மறுபடி வாசித்தேன்.

முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டியது, இதில் நீங்கள் தனியாள் இல்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் சயாஷ் கபூர், அரவிந்த் நாராயணன் இருவரும் 2023இல் ‘பேட்டர்ன்ஸ்’ ஆய்விதழில் வெளியிட்ட கட்டுரை இந்தத் தரவுக் கசிவைப் பற்றியதுதான், அதாவது மாதிரிக்குத் தெரியக் கூடாத விடை பயிற்சிக்குள் ஒழுகிவிடுவது. 17 துறைகளில் 294 ஆய்வுக்கட்டுரைகளை இது பாதித்திருக்கிறது என்று தொகுத்துக் காட்டினார்கள். மருத்துவம் உண்டு, மென்பொருள் உண்டு. அவர்கள் ஆழமாக எடுத்துப் பார்த்தது, எந்த நாட்டில் உள்நாட்டுப் போர் மூளும் என்று கணிக்கும் ஆய்வுகளை. நவீன மாதிரிகள் பழைய புள்ளிவிபர முறையான லொஜிஸ்டிக் ரிக்ரெஷனைவிட எவ்வளவோ மேல் என்று சொன்ன கட்டுரைகளில் கசிவை அடைத்ததும் அந்த மேன்மை காணாமல் போய்விட்டது. போரைக் கணிக்கிறோம் என்று சொல்லும் எண்ணை, போருக்குள் வளர்ந்த நான் எப்படி வாசித்திருப்பேன் என்று யோசித்துப் பாருங்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் மனிதர் இருக்கிறார்கள். உங்கள் 96க்குப் பின்னாலும் அப்படித்தான்.

“இந்தக் கிழமை போலவே” என்ற கணக்கிடம் தோற்றதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கூகுள் ஃப்ளூ ட்ரெண்ட்ஸ் ஞாபகம் இருக்கிறதா? தேடல் சொற்களை வைத்து அமெரிக்காவில் காய்ச்சலை மதிப்பிடுவது. 2008இல் தொடங்கினார்கள், 2009இல் ‘நேச்சர்’ ஆய்விதழில் வந்தது. 2011 ஓகஸ்டில் இருந்து பார்த்த 108 கிழமைகளில் 100இல் அது உண்மையைவிடக் கூட்டிச் சொன்னது என்று 2014இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் காட்டினார்கள். சுகாதாரத் துறையின் பழைய எண்களையே இரண்டு மூன்று கிழமை தள்ளி வைத்துக் கணித்தால் அதைவிட நன்றாக வரும் என்பதும் அதே கட்டுரையில் உண்டு. கூகுளிடம் இல்லாத கணினியா? இப்படி ஒரு எளிய அடிக்கணக்கோடு ஒப்பிடாமல் போனதுதான் அங்கே பிழை. நீங்கள் ஒப்பிட்டுவிட்டீர்கள்.

இனி உங்கள் தரவுக்கு வருகிறேன். “உயரும் கிழமை” என்பதற்கு எல்லை எங்கே வைத்தீர்கள்? பதிவில் அது இல்லை. 14 வருடத்தையும் சேர்த்து 75ஆம் சதமானம், அதாவது நாலில் மூன்று பங்கு கிழமைகள் கீழே நிற்கும் எண், எடுத்திருந்தால் அங்கேயும் ஒரு கசிவு. 2022இன் எண்கள் எல்லையைத் தீர்மானிக்க உதவியிருக்கின்றன. பயிற்சி வருடங்களில் மட்டும் எல்லையைக் கணக்கிடுங்கள். இன்னொன்றும் கவனியுங்கள். எல்லை அப்படி என்றால், எந்நேரமும் “இல்லை, உயராது” என்று சொல்லும் மாதிரிக்கே மொத்தத் தரவில் 75 சதவீதம் கிடைத்துவிடும். ஆகவே 78, 81 என்று இந்த எண்களைப் பிடித்துக்கொண்டு கவலைப்படுவதில் அர்த்தம் குறைவு. சரி சதவீதம் என்ற அளவுகோலே இந்தக் கேள்விக்குப் பொருந்தாது.

அந்த டொக்டருக்கு என்ன தேவை? ஏற்கனவே உயர்ந்து நிற்கும் கிழமையில் “அடுத்ததும் உயரும்” என்று சொல்வதால் அவருக்குப் புதிதாக ஒன்றும் கிடைக்காது. வார்டைப் பார்த்தாலே அவருக்குத் தெரியும். இன்றைக்குத் தாழ்வாக இருந்து, இரண்டு கிழமையில் எல்லையைத் தாண்டப்போகிற அந்தத் திருப்பத்தைச் சொன்னால்தான் பயன். “இந்தக் கிழமை போலவே” என்ற கணக்கு அப்படிப்பட்ட திருப்பம் ஒன்றைக்கூடப் பிடிக்காது, பிடிக்கவும் முடியாது. உங்கள் மாதிரி எத்தனையைப் பிடிக்கிறது? எத்தனை தடவை பொய்யாகக் கூப்பிடுகிறது? இதை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உங்கள் இரண்டு வருடத்தின் பெறுமதி அங்கேதான் இருக்கும், இருந்தால்.

சோதனை வருடங்களையும் கொஞ்சம் யோசியுங்கள். 2017இல் அவ்வளவு பெரிதாக வெடித்ததற்கு மழை மட்டும் காரணம் இல்லை, டெங்கு வைரஸின் 2ஆம் வகை மீண்டும் மேலோங்கியது. அதற்கு முந்தைய வருடங்களை மட்டும் கற்ற எந்த மாதிரிக்கும் அது தெரிந்திருக்க வழியில்லை. 2020இல் ஊரடங்கு. 2019இல் 1 இலட்சத்தைத் தாண்டிய எண்ணிக்கை அந்த வருடம் 31 ஆயிரத்தைச் சுற்றி வந்தது. நுளம்பு குறைந்ததா, மக்கள் நடமாட்டம் குறைந்ததா, காய்ச்சலோடு வைத்தியசாலைக்கு வரப் பயந்தார்களா? உங்கள் அட்டவணையில் இவை மூன்றும் ஒரே எண். ஆகவே ஒரே ஒரு பிரிப்போடு நிற்காதீர்கள். 2015 வரை கற்று 2016ஐச் சோதி, 2016 வரை கற்று 2017ஐச் சோதி, இப்படியே வருடம் வருடமாக நகர்த்துங்கள். எந்த வருடம் விழுகிறது, ஏன் விழுகிறது என்று எழுதினால் அதுவே ஒரு நல்ல அத்தியாயம்.

கட்டுரை விடயம். மழைத்துளி தம்பி சொல்வதில் உள்ள கவலை உண்மையானது, அதை நான் தள்ளவில்லை. ஆனாலும் தங்கச்சி, பிழை என்று தெரியாமல் வெளியிட்டது ஒன்று, தெரிந்த பிறகு வெளியிட விடுவது வேறொன்று. உங்களுக்கு இப்போது தெரியும். இன்னும் அச்சுக்குப் போகவில்லை என்பது உங்கள் நல்ல காலம். நிகழ்ச்சிக் குழுவுக்கு இப்போது ஒரு கடிதம் போதும். வெளிவந்த பிறகு என்றால் திருத்தம், மீளப் பெறுதல் என்று அது உங்கள் பெயரோடு இழுபடும்.

மேற்பார்வையாளரிடம் வாயால் சொன்னதோடு நிற்காதீர்கள். ஒரு பக்கத்தில் மின்னஞ்சல் எழுதுங்கள்: பழைய வரி, புதிய வரி, இரண்டின் முடிவு, அடிக்கணக்கு. குற்றம் சாட்டும் சொல் ஒன்றும் வேண்டாம். “எங்கள் இருவர் பெயரும் இதில் இருக்கிறது, அதனால் கேட்கிறேன்” என்று முடியுங்கள். கட்டுரையை மீளப் பெறுவதா, திருத்திய முடிவோடு கொடுப்பதா என்று அவரையே தெரிவு செய்யச் சொல்லுங்கள். நல்ல மனிதர் என்று நீங்களே சொல்கிறீர்கள். எழுத்தில் பார்க்கும்போது அவருக்கும் விளங்கும்.

என் கதையும் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஒரு நிறுவனத்தில் இருந்தபோது, எந்த வாடிக்கையாளர் கணக்கை மூடப்போகிறார் என்று கணிக்கும் மாதிரி ஒன்று செய்தேன். 99 சதவீதம். பாராட்டுக் கூட்டம்கூட வைத்தார்கள். ‘காரணக் குறியீடு’ என்று ஒரு கொலம் தரவில் இருந்தது. அதைக் கிளையில் இருக்கும் எழுதுவினைஞர் எப்போது நிரப்புவார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. கணக்கை மூடிய பிறகுதான் நிரப்புவார்களாம். நான் மௌனமாக இருந்தேன். மூன்று மாதம் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு பிள்ளைகள் தொலைபேசியில் ஆட்களை அழைத்துக்கொண்டிருந்தார்கள். அந்த மூன்று மாதம் எனக்கு இன்றைக்கும் உறுத்துகிறது. நீங்கள் சுவரில் இருக்கும் அந்தத் தாளைப் பற்றிக் கேட்டபோது எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. முதலில் அங்கே போங்கள்.

—

கான்_வெட்டு
வியாழன், காலை 5.50

பிள்ளை, நான் பொதுச் சுகாதாரப் பரிசோதகர். கொழும்பில் 19 வருடம். எனக்கு உங்கள் நிரல் எல்லாம் விளங்காது, ஆனால் அந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியும்.

வைத்தியசாலையில் டெங்கு என்று சந்தேகித்தால் எச் 544 படிவம் நிரப்பி எங்கள் அலுவலகத்துக்கு அனுப்புவார்கள். நாங்கள் அந்த முகவரிக்குப் போய்ப் பார்க்க வேண்டும். பிறகு கிழமை முடிவில் எச் 399இல் மேலே போகும். நீங்கள் பிடிஎஃப்பில் பார்ப்பது அதன் கடைசி வடிவம். அதே அட்டவணையில் உரிய நேரத்துக்கு வந்ததா, முழுமையாக வந்ததா என்று இரண்டு கொலம் இருக்குமே, அதைப் பாவித்தீர்களா? நீண்ட விடுமுறை வந்த கிழமையில் எண் குறைந்தால் நுளம்பு குறைந்தது என்று எடுக்க வேண்டாம். படிவம் யாருடைய மேசையிலோ இருக்கும், அடுத்த கிழமையில் சேர்ந்து வரும்.

இன்னொன்று. வெள்ளவத்தையில் எங்களுக்குக் கிடைக்கும் முகவரியில் ஒரு பங்கு உறவுக்காரர் வீடு. யாழ்ப்பாணத்தில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வெளிநாட்டு அலுவலுக்கு, வைத்தியத்துக்கு என்று வந்து சித்தி வீட்டில் நிற்பார்கள். காய்ச்சல் வந்தால் சித்தி வீட்டு முகவரியைத்தான் கொடுப்பார்கள். நான் போய்க் கதவைத் தட்டினால், “அவர் நேற்றே பஸ் ஏறிவிட்டார்” என்பார்கள். அந்த நுளம்பு எங்கே கடித்தது? எங்கள் ஒழுங்கையிலா, ஊரிலா? உங்கள் அட்டவணையில் அது கொழும்புக் கணக்கு. மறுபக்கமும் இருக்கிறது. இங்கே கடி வாங்கிக்கொண்டு பொங்கலுக்கு ஊருக்குப் போய்க் காய்ச்சலில் விழுகிறவர்கள் அங்கே கணக்கு.

மழை பற்றி. வளிமண்டலவியல் திணைக்களம் இருப்பது பௌத்தாலோக மாவத்தையில். அங்கே அளக்கும் மழை கொட்டாஞ்சேனையிலும் அதே மழையா? அத்தோடு மழையே இல்லாத நாட்களிலும் நுளம்பு இருக்கும். நான் குடம்பி கண்ட இடங்கள் அதிகம் கூரைப் பீலி, பாதியில் நின்றுபோன அடுக்குமாடியின் அடித்தளம், மின்தூக்கிக் குழி. காசு முடிந்து கட்டட வேலை நின்றால் அந்தக் குழியில் தண்ணீர் மாதக்கணக்கில் நிற்கும். அதையும் தரவாக எடுக்க முடியுமென்றால் என்னிடம் கேளுங்கள், என் குறிப்புப் புத்தகங்கள் இருக்கின்றன.

டொக்டரிடம் போகப் பயப்பட வேண்டாம். எங்களுக்குத் தினமும் பிழையான தகவல் வரும், நாங்கள் திருத்திக்கொண்டுதான் வேலை செய்கிறோம். திருத்தம் வராததுதான் எங்களுக்குக் கஷ்டம். கிழமை நாளில் காலை எட்டரைக்கு முன் போங்கள். அதற்குப் பிறகு அவரைப் பிடிக்க முடியாது.

—

நிலா_வெள்ளவத்தை
ஞாயிறு, இரவு 9.30

எண்சுவடி அண்ணா, பரிசோதகர் ஐயா, கணக்கன், மழைத்துளி, உங்கள் எல்லோருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கே அந்த அலுவலகத்தில் நின்றேன். டொக்டர் அப்போதுதான் கைப்பையை வைத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும்போது பாடமாக்கிய வசனங்கள் ஒன்றும் வாயில் வரவில்லை. சுவரைக் காட்டி, “மேடம், அந்த எண் பிழை, நான்தான் பிழை விட்டேன்” என்று மட்டும் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் அந்தத் தாளைப் பார்த்தார். “இதைப் பார்த்துத்தான் போன மாதம் நான் ஒரு பள்ளிக்கூடத் துப்புரவு நாளை ஒரு கிழமை பிந்தினேன்” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு அவரே எழும்பிக் குத்தூசி நாலையும் கழற்றித் தாளைச் சுருட்டி என் கையில் தந்தார். “இதைக் கிழிக்க வேண்டாம், உங்கள் ஆய்வேட்டில் போடுங்கள்” என்றார். ஒரு துப்புரவு நாள் பிந்தியதால் யாருக்காவது காய்ச்சல் வந்ததா என்று என்னால் அறிய முடியாது. அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன்.

எண்சுவடி அண்ணா, எல்லை விடயத்தில் நீங்கள் சொன்னது சரி. 14 வருடத்துக்கும் சேர்த்துத்தான் 75ஆம் சதமானம் எடுத்திருந்தேன். பயிற்சி வருடங்களில் மட்டும் கணக்கிட்டுத் திரும்ப ஓட்டினேன். எல்லை சற்று நகர்ந்தது, மொத்தம் மாறவில்லை, அதே 81உம் 84உம்தான். பிறகு திருப்பங்களை எண்ணினேன். 2022இலும் 2023இலும் தாழ்வில் இருந்து இரண்டு கிழமையில் எல்லையைத் தாண்டிய கிழமைகள் 10. என் மாதிரி அதில் 4ஐப் பிடித்திருக்கிறது. தாழ்வாகவே இருந்த கிழமைகளில் 9 தடவை வீணாகக் கூப்பிட்டிருக்கிறது. பிடித்த நாலில் மூன்று, தென்மேல் பருவப்பெயர்ச்சி மழை தொடங்கிய பிறகு வந்தவை. வடகீழ் பருவப்பெயர்ச்சியோடு வந்த வருட இறுதி உயர்வுகளை அது பெரும்பாலும் தவறவிட்டிருக்கிறது. 10 என்பது சின்ன எண், இதை வைத்துப் பெரிதாக ஒன்றும் சொல்லக் கூடாது என்று தெரியும். வருடம் வருடமாக நகர்த்தும் சோதனையை இன்றைக்குத் தொடங்கிவிட்டேன். 2017 நீங்கள் சொன்னபடியே விழுந்துவிட்டது.

மேற்பார்வையாளருக்கு வியாழன் இரவே மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு பக்கம், நீங்கள் சொன்ன ஒழுங்கில். வெள்ளி முழுக்கப் பதில் இல்லை. சனிக்கிழமை பின்னேரம் தொலைபேசி எடுத்தார். இரண்டு நிரலையும் தானே ஓட்டிப் பார்த்தாராம். “மீளப் பெறுவோம், கடிதத்தை நான் எழுதுகிறேன், உன் பெயரில் போகக் கூடாது” என்றார். அதை எதிர்பார்க்கவே இல்லை. மழைத்துளி, நீங்கள் பயந்தது நடந்திருக்கவும் கூடும், எனக்கு நல்ல மேற்பார்வையாளர் கிடைத்தார். நேர்முகத் தேர்வில் வெளியீடு ஒன்று குறையத்தான் போகிறது. அதைப் பற்றி அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

பரிசோதகர் ஐயா, உரிய நேரம், முழுமை என்ற அந்த இரண்டு கொலத்தையும் நான் தட்டச்சுச் செய்யாமலே விட்டிருந்தேன், தேவையில்லை என்று நினைத்து. இப்போது 2010இல் இருந்து திரும்பத் தட்டச்சுச் செய்கிறேன். தம்பி பக்கத்தில் இருந்து எண்களை வாசிக்கிறான். இன்றைக்கு 2013 மார்ச் வரை வந்துவிட்டோம். உங்கள் குறிப்புப் புத்தகங்களைப் பார்க்க வரலாமா? எந்த நாள் வசதி என்று சொல்லுங்கள். அந்த மின்தூக்கிக் குழிகளின் திகதிகள்தான் முதலில் வேண்டும்.

—

கான்_வெட்டு
திங்கள், காலை 5.35

புதன்கிழமை பின்னேரம் நாலரைக்கு வாருங்கள், பிள்ளை. தம்பியையும் கூட்டி வாருங்கள், என் கையெழுத்தை ஒருவர் வாசிக்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும். 2011இல் இருந்து இருக்கிறது.

—

எண்சுவடி
திங்கள், காலை 7.20

தங்கச்சி, புத்தகங்களைப் பிரதி எடுக்கும் முன் வீட்டு இலக்கங்களையும் பெயர்களையும் விட்டுவிடுங்கள். ஒழுங்கையும் திகதியும் போதும். உங்கள் ஆய்வு ஒழுக்கவியல் குழுவின் அனுமதியில் இது அடங்குமா என்று புதனுக்கு முன் கேட்டுவிடுங்கள்.

வருட இறுதி உயர்வுகள் தவறுவது எனக்கு யோசனையாக இருக்கிறது. மழை தொடங்கி எத்தனை கிழமை கழித்துப் பாதிப்பு வரும் என்று மாதிரிக்கு ஒரே இடைவெளிதானே கொடுத்தீர்கள்? இரண்டு பருவத்துக்கும் தனித்தனியாக விட்டுப் பாருங்கள்.

—

நிலா_வெள்ளவத்தை
திங்கள், காலை 7.41

ஒரே இடைவெளிதான் அண்ணா, 8 கிழமை. இன்றைக்கு இரவு பிரித்து ஓட்டுகிறேன். குழுவுக்கு இப்போதே எழுதுகிறேன்.

ஐயா, புதன் நாலரைக்கு வருகிறோம்.